பச்சைக் கட்டங்களுக்குப் பின்னால்

அத்தியாயம் 6

“பச்சை!” என்றபடி மாடிப்படி ஏறி வந்தான் விஜிதரன். “லேப்டாப்பிலயும் பச்சை. போன்லயும் பச்சை. இப்ப கீழ ரொட்டிக் கடை டிவியில போட்டுப் பார்த்தேன் மேடம், அங்கயும் அதே பச்சை. கடைக்காரரு ஏதோ கட்சி விளம்பரம்னு நெனச்சு சேனலை மாத்தச் சொல்லிட்டாரு.”

லோஜனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மூண்டிலயும் ஒரே மாதிரியோ?”

“அச்சு அசல்.”

“வடிவாப் பாத்தனியோ?”

“நான் கல்யாண வீடியோ எடுத்தவன் மேடம். எந்த மாப்பிள்ளை மூஞ்சியையும் இவ்வளவு உத்துப் பார்த்ததில்ல.”

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது லோஜனாவின் துப்பறியும் அலுவலகம். யாழ்ப்பாணத்துக்காரி. கொழும்பில் காப்புறுதி நிறுவனம் ஒன்றில், எரியாத கடைகளுக்கு நெருப்புக் காசு கேட்பவர்களைப் பிடித்துக் கொடுத்தவள். கல்யாணமாகி மலைநாட்டுக்கு வந்த பிறகு தனியாகத் தொழில் தொடங்கினாள். விஜிதரன் டயகமக்காரன். ஒரு காலத்தில் கல்யாண வீடியோக்காரன். இப்போது அவளுக்கு உதவியாளன், சாரதி, சமயத்தில் தலைவலி.

எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள் ஜெயந்தினி. டவுனில் துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண். அவள் கொண்டு வந்த பென் டிரைவ்தான் காலையிலிருந்து மூன்று திரைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“இன்னொருக்கா முதல்ல இருந்து சொல்லுங்கோ பிள்ளை,” என்றாள் லோஜனா.

ஜெயந்தினி சொன்னாள். அவள் அம்மா மீனம்மா, றொசல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவள். மூன்று வாரத்துக்கு முன் மலையிலேயே குளவி கொட்டி இறந்துபோனாள். அன்று அவள் வேலைக்கே வரவில்லை, யூகலிப்டஸ் மரத்தடியில் விறகு வெட்டத் திருட்டுத்தனமாகப் போனவள் தானே கூட்டைக் கலைத்துவிட்டாள் என்கிறது தோட்ட நிர்வாகம். காலைப் பெரட்டில் நின்று ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பிய மேற்பார்வையாளர், கண்டாக்கு, அவரும் அதையே சொல்கிறார். நாளைக் காலை தொழில் அலுவலகத்தில் விசாரணை.

“அவங்க குடுக்குறது குடுக்காதது ஒரு பக்கம் கெடக்கட்டும் மேடம். கோயிலுக்குப் போனா, ‘வெறகு திருடப் போய்ச் செத்தவ மக’ன்னு முதுகுக்குப் பின்னால பேசுறாங்க. அம்மா அன்னைக்கு வேலைக்குத்தான் போனாங்க. அதை யாராவது ஒருத்தர் நாளைக்கு நிரூபிக்கணும்.”

“கூட வேலை செய்த ஆக்கள்?”

“மத்தவங்க எல்லாம் மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாங்க. அம்மா நின்ன செடி நெரைக்கு அடுத்த நெரையில நிஷாந்தி அக்கா மட்டும்தான். அவங்களுக்கும் கொட்டி, மயங்கி விழுந்துட்டாங்க. மொதல்ல ஒரு ரீங்காரம் கேட்டுச்சாம், அப்புறம்தான் குளவி வந்துச்சாம். அவ்வளவுதான் ஞாபகம் இருக்குங்கிறாங்க. அதுக்கு மேல கண்டாக்குக்கு எதிரா அவங்களும் வாய் தொறக்க மாட்டாங்க.”

“அப்ப வீடியோ ஒண்டுதான் சாட்சி.”

“ஆமாங்க. சுமன் அண்ணே எடுத்தது. கல்யாணத்துக்கு முந்தி மாப்பிள்ளை பொண்ணை வச்சு எடுப்பாங்கல்ல, அதுக்காக அன்னைக்கு எங்க மலைக்கு வந்திருந்தாங்க. சாவு வீட்டுல அவங்களா வந்து சொன்னாங்க, ‘அழாத ஜெயந்தி, அம்மா கொழுந்து பறிக்கிறது என் வீடியோவுல இருக்கு’ன்னு. அப்புறம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா…”

போட்டுப் பார்த்தால், இதுதான். மேலிருந்து பார்க்கும் தேயிலை மலை. தூரத்தில் புள்ளி புள்ளியாகக் கொழுந்து பறிக்கும் பெண்கள். முகம் தெரிவதற்குள் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள் வந்து விழுந்தன. கட்டங்கள் கலைந்தபோது மணமகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கோடெக் பிரச்சினைன்னு சொன்னாங்க. ரெண்டர் பண்ணும்போது இப்படி ஆயிருதாம். பாவம், ராத்திரி பகலா ஒக்காந்து பார்க்குறாங்க.”

“இந்தச் சுமன் உங்களுக்கு என்ன முறை?”

“லயத்துல பக்கத்துக் காம்பரா வீடு. எங்கம்மா கையால சாப்பிட்டு வளந்தவங்க. அன்னைக்கு அம்மாவை ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்ததே அவங்கதான். அவங்களுக்கும் கொட்டுச்சு. எங்க வீட்டுல ஆம்பளைப் புள்ள இல்லன்னு கொள்ளிக்குடம் தூக்கினதும் அவங்கதான்.”

“என் பழைய பார்ட்னர் மேடம்,” என்றான் விஜிதரன். “தங்கமான பய. ஸ்டூடியோவுல நாங்க ரெண்டு பேரும் நின்னா, கஸ்டமர் அவன் மொகத்தைப் பார்த்து அட்வான்ஸ் குடுப்பாங்க. என் மொகத்தைப் பார்த்து பில் கேப்பாங்க.”

லோஜனா லேப்டாப்பை மூடினாள்.

“கோடெக் எண்டால் என்ன விஜி? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு.”

“வீடியோ ரொம்பப் பெருசு மேடம். அதை மடிச்சுச் சுருட்டி ஃபைல்ல வைக்கணும், பார்க்கும்போது விரிக்கணும். அந்த முறைதான் கோடெக். உள்ள கிழிஞ்சிருந்தா விரிக்கும்போது பச்சை பச்சையாத் தெரியும்.”

“எல்லா மெஷினும் ஒரே மாதிரி விரிக்குமோ?”

“அதெப்படி? ஒண்ணுல பச்சை வரும், ஒண்ணுல சாம்பல் வரும், இன்னொண்ணு அப்படியே நின்னுபோய் மொறைக்கும்…” பாதியில் நின்றான். “அட.”

“ஓம். நோய் எண்டால் ஆளுக்கு ஆள் வேற மாதிரிக் காட்டும். முகத்தில பூசின பவுடர், எந்தக் கண்ணாடியில பாத்தாலும் ஒரே பவுடர்தான். மூண்டு திரையிலயும் ஒரே பச்சை. இது விரிக்கேக்க வந்த பழுது இல்லை. ஆரோ இருந்து பூசின மாதிரி இருக்கு.”

ஜெயந்தினி எழுந்துவிட்டாள்.

“தோட்டத்து ஆளுங்க யாராவது ஸ்டூடியோவுக்குள்ள புகுந்து செஞ்சிருப்பாங்க மேடம். சுமன் அண்ணே இல்லாத நேரமாப் பார்த்து.”

“இருக்கலாம்,” என்றாள் லோஜனா. “போய்ப் பாப்பம். நீங்களும் வாங்கோ.”

*

தலவாக்கலைக் கடைத்தெருவில், தையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது சுமனின் ஸ்டூடியோ. கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த படத்தில் யாரோ ஒரு ஜோடி தேயிலைச் செடிகளுக்கு நடுவே கோட்டும் சூட்டுமாக நின்றது.

“கொழுந்து பறிக்கிறவங்க செருப்பு இல்லாம நிக்கிற எடத்துல, இவங்க சூ போட்டுக்கிட்டுக் காதலிக்கிறாங்க,” என்று குடையை மடக்கினான் விஜிதரன்.

கதவைத் திறந்த சுமனின் கழுத்திலும் காதோரத்திலும் கறுத்த தழும்புகள் இருந்தன. கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

“வாடா மச்சான்! ஜெயந்தி, நீ எதுக்கு மழையில அலையுற? சரிபண்ணி நானே கொண்டாந்து தர்றேன்னு சொன்னேன்ல? இந்தா, இந்தக் கதிரையில ஒக்காரு. காலை நனைச்சிக்கிட்டு வந்திருக்க.” அவளுக்கு ஒரு துவாயை எடுத்துக் கொடுத்தான். பக்கத்துக் கடையில் பிளேன்டீ சொல்லிவிட்டு வந்தான்.

“இவங்கதான் லோஜனா மேடம்,” என்றான் விஜிதரன். “துப்பறிவாளர். துப்புக் கெடைக்கலன்னா என்னைத் துப்புவாங்க. அதனால எனக்காகவாவது ஒத்துழைப்புக் குடு.”

சுமன் சிரித்தான். “என்ன மேடம் துப்பறிய இருக்கு இதுல? எடிட் பண்ணினதை ஒரே படமா ஓட்டி எடுக்கும்போது வர்ற சாதாரண ரெண்டர் எரர். மொத்தமும் ஒழுங்கா ஓடி வந்து, அந்த ஒரு எடத்துல பச்சையாப் போயிருது. கிராபிக்ஸ் கார்டு பழசு.”

“விஜி ஒருக்கா பாக்கட்டோ?”

“தாராளமா. அவன் ஓட்டுன மெஷின்தானே.”

விஜிதரன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். எடிட்டிங் சாஃப்ட்வேரில் முதலில் கிராபிக்ஸ் கார்டின் உதவியை நிறுத்திவிட்டு, அந்தத் துண்டை மட்டும் ரெண்டர் பண்ணினான். மெஷினின் மின்விசிறி, ஆறு பேரை ஏற்றிய த்ரீவீல் மேட்டில் ஏறுவது போல் முனகியது. பச்சை.

“கார்டு பாவம், அது நல்ல புள்ள,” என்றான்.

வெளியே எடுக்கும் கோடெக்கை மாற்றினான். மறுபடி ரெண்டர். பச்சை.

சுமன் அனுதாபமாகத் தலையாட்டினான். “நான்தான் சொன்னேனே மச்சான். எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன்.”

விஜிதரன் இன்னொன்று செய்தான். அந்தக் கிளிப்பைப் பிடித்துப் பின்னால் தள்ளினான். அது இருந்த இடத்தில் மணமகன் நடந்து வரும் காட்சியை வைத்தான். மறுபடி ஓட விட்டான். மணமகன் ஒரு குறையும் இல்லாமல் நடந்து வந்தான். பச்சை பின்னால் போயிருந்தது, கிளிப்போடு கூடவே.

“மெஷின் மேல தப்பு இல்ல மேடம். மெஷின் தப்பா இருந்தா பச்சை அங்கயே நின்னு, இந்நேரம் மாப்பிள்ளை மூஞ்சியில அப்பியிருக்கும். அவருக்கு அது நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா பச்சை அந்த ஃபைலோடயே பயணம் போவுது. ரெண்டர்ல வந்ததில்ல இது. உள்ள போட்ட ஃபைல்லயே இருக்கு.”

“அப்ப மெமரி கார்ட் கரப்ட் ஆயிருக்கும்டா,” என்றான் சுமன் உடனே.

“கார்ட் எங்க?”

“போன கார்டை வச்சுக்கிட்டு என்ன செய்றது? தூக்கி எறிஞ்சிட்டேன்.”

லோஜனா பிளேன்டீயை ஒரு மிடறு குடித்தாள். “தம்பி, தோட்டத்து ஆக்கள் ஆரும் இஞ்ச வந்து இந்த வீடியோவைப் பற்றி விசாரிச்சவையோ?”

சுமன் கொஞ்சம் யோசித்தான்.

“வந்தாரு மேடம். ஆபீஸ் கிளாக்கர் ஒருத்தர். எங்க வச்சிருக்க, யாருக்குக் குடுக்கப் போறன்னெல்லாம் கேட்டாரு. அப்புறம் நான் சாப்பிடப் போயிட்டேன். கடையில வேற யாரும் இல்ல. அந்த நேரத்துல என்ன நடந்துச்சோ, யாரு கண்டா?”

“பார்த்தீங்களா மேடம்? நான் சொன்னேன்ல!” என்றாள் ஜெயந்தினி. “செத்தவங்களைத் திருடின்னு சொன்னதும் பத்தாம, இதையும் செஞ்சிருக்காங்க. அண்ணே, இதை ஏன் என்கிட்ட முன்னமே சொல்லல?”

“உன் மனசை நோகடிக்க வேணாம்னுதான் ஜெயந்தி.”

கதை முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. கிளாக்கர் வந்தார், பச்சை பூசினார், போனார். ஆனால் லோஜனா எழுந்திருக்கவில்லை.

“எந்தக் கமராவில எடுத்தனீங்கள்?”

“இதுலதான்.” சுமன் அலமாரியிலிருந்த பெரிய கேமராவைக் காட்டினான். “ரோட்டு வளைவு மேட்டுல இருக்குல்ல, அங்க ஸ்டாண்டு போட்டுக் கீழ பார்த்து எடுத்தது.”

“ட்ரோன் இல்லாமயா?” விஜிதரன் திரும்பினான். “தேயிலை மலையில, கல்யாண ஜோடியை வச்சுக்கிட்டு? அந்த மாப்பிள்ளை சும்மா விட்டானா?”

“அன்னைக்கு ட்ரோன் பேட்டரி மக்கர் பண்ணிருச்சு மச்சான்.”

“சத்தத்தைக் கூட்டு விஜி,” என்றாள் லோஜனா. “எங்கட லேப்டாப்பில ஒண்டும் கேக்கேல்லை.”

ஸ்டூடியோவின் பெரிய ஸ்பீக்கர்களில் காற்று இரைந்தது. ஏதோ ஒரு குருவி. தூரத்தில் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம். எல்லாவற்றுக்கும் அடியில், விடாமல், ‘சக்… சக்… சக்…’

“உது என்ன பூச்சி?”

“பூச்சி இல்ல மேடம், கத்தரி. இப்பல்லாம் சில தோட்டத்துல கையால பறிக்க விடாம, இவ்வளவு பெரிய கத்தரியைக் குடுத்துடுறாங்க. அதுல ஒரு தட்டு இருக்கும். கொழுந்தை வெட்டி வெட்டி அதுல…”

அவன் வாய் தானாக மூடிக்கொண்டது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். தூரத்துப் பெண்களின் கைகள் செடிக்குப் போயின. பிறகு தலைக்கு மேலாகப் பின்னால் கூடைக்குப் போயின. மறுபடி செடிக்கு. யார் கையிலும் எதுவும் இல்லை.

“எங்க தோட்டத்துல கத்தரியே இல்லங்க,” என்றாள் ஜெயந்தினி. “கொண்டாந்து எறக்குனப்ப பொம்பளைங்க எல்லாரும் பெரட்டுக்களத்துலயே ஒக்காந்துட்டாங்க. செடி செத்துரும், தொடவே மாட்டோம்னு. மொதல்ல ஒக்காந்ததே எங்கம்மாதான். கத்தரியைத் திரும்ப ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க.”

“அப்ப படம் உங்கட மலை. சத்தம் வேற மலை.” லோஜனா கோப்பையைக் கீழே வைத்தாள். “படத்தை மறைக்க நினைச்சவன் பச்சை பூசினான். அது எனக்கு விளங்குது. சத்தத்தை என்னத்துக்கு மாத்தவேணும்? அதில ஆரின்ர முகமும் தெரியாதே.”

கேள்விக்கு அவளே பதிலும் சொன்னாள்.

“மாத்தேல்லை. சத்தமே இல்லாத படத்துக்கு, வேற எங்கயோ எடுத்த சத்தத்தைப் போட்டிருக்கிறான். கையில இருந்தது கத்தரியால வெட்டிற தோட்டத்துச் சத்தம். விஜி, சத்தம் இல்லாமல் படம் எடுக்கிற கமரா எது?”

விஜிதரன் சுமனைப் பார்த்தான். சுமன் அவனைப் பார்க்கவில்லை.

“ட்ரோன் மேடம்,” என்றான் மெதுவாக. “அது பறக்குற எரைச்சல்ல வேற ஒண்ணும் கேக்காது. அதனால அவன் வச்சிருக்குற ட்ரோன்ல மைக்கே கெடையாது.”

“ரீங்காரம்,” என்றாள் ஜெயந்தினி. “மொதல்ல ரீங்காரம், அப்புறம்தான் குளவின்னு நிஷாந்தி அக்கா…” அவள் துவாயை மடியில் வைத்தபடி சுமனின் பக்கம் திரும்பினாள். “அண்ணே?”

“என்ன ஜெயந்தி, இவங்க ஏதோ கதை கட்டுறாங்க. மச்சான், நீயாவது சொல்லேன்டா.”

விஜிதரன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். “மேடம், இந்த மெஷினால பெரிய ஃபைலை இழுக்க முடியாது. அதனால, எந்த ஃபைலை உள்ள போட்டாலும் சாஃப்ட்வேர் தானா ஒரு சின்ன நகல் எடுத்து வச்சுக்கும். ப்ராக்ஸின்னு பேரு. எடிட் பண்ண அதுதான் லேசு. நான் இங்க இருந்த காலத்துல நான்தான் அந்த ஏற்பாட்டைப் பண்ணி வச்சேன். இவனுக்கு எடிட்டிங் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. நகல் எந்த டிரைவ்ல போய் விழுதுன்னு இன்னைக்கு வரைக்கும் இவன் தேடிப் பார்த்திருக்க மாட்டான்.”

சுமனின் கை சுவரில் இருந்த சுவிட்சை நோக்கிப் போனது.

“அண்ணே,” என்றாள் ஜெயந்தினி. சத்தமாகக்கூட இல்லை. கை பாதி வழியில் நின்றது.

விஜிதரன் ஒரு ஃபோல்டரைத் திறந்தான். அதற்குள் இன்னொன்று. தேதியைப் பார்த்தான். அழுத்தினான்.

சிறிய, மங்கலான படம். சத்தமே இல்லை. மேட்டு ரோட்டிலிருந்து எழும்பி, தேயிலை மேல் வழுக்கிக்கொண்டு போனது கேமரா. பச்சைக் கட்டங்கள் விழவேண்டிய இடம் வந்தது. விழவில்லை.

யூகலிப்டஸ் மரம் நெருங்கியது. மரத்துக்குக் கீழே மேல் நிரையில் ஒருத்தி, நெற்றியில் கூடைக் கயிறு, இடுப்பில் படங்குச் சாக்கு. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மீனம்மா. வானத்தில் வந்துகொண்டிருப்பது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சிரித்தாள். கொழுந்து பிடித்திருந்த கையைத் தூக்கி ஆட்டினாள்.

ஜெயந்தினி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கேமரா மீனம்மாவைச் சுற்றி அழகாக ஒரு வளைவு எடுத்தது. அந்த வளைவின் நடுவில் மரக்கிளை வந்தது. கிளையில் கறுப்பாக ஒரு பானை போல் ஏதோ தொங்கியது. படம் ஒரு முறை குலுங்கியது. பானையிலிருந்து புகை போல எழும்பியது. புகை கீழே இறங்கியது.

“நான் வேணும்னு செய்யல,” என்றான் சுமன். சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தான். “சத்தியமா அந்த நேரத்துல எனக்குக் கூடு தெரியல ஜெயந்தி. போன் திரையில வெயில் அடிச்சுச்சு. சாவு வீட்டுல உன்கிட்ட வீடியோ இருக்குன்னு சொன்னப்பகூட எனக்குத் தெரியாது. அப்புறம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தப்பதான்… ட்ரோனுக்கு அனுமதிகூட எடுக்கல. என்னைப் புடிச்சு உள்ள வச்சிருவாங்கன்னு பயந்துட்டேன்.”

“கிளாக்கர் வந்தாரா?” என்று கேட்டான் விஜிதரன்.

சுமன் இல்லையென்று தலையாட்டினான்.

“நான் உன்னைத் தங்கம்னு சொன்னேன்டா. காலையில, இவ முன்னால.” அவன் குரலில் வழக்கமான கேலியைத் தேடினாலும் கிடைக்காது. “எனக்குத் தெரிஞ்ச வித்தையை வச்சே என்னை முட்டாளாக்கலாம்னு நெனச்சல்ல?”

சுமன் அவனை விட்டுவிட்டு ஜெயந்தினியிடம் திரும்பினான். முழங்காலிலேயே நகர்ந்து வந்தான்.

“ஜெயந்தி, கேளு. அம்மா நிமிர்ந்து கை காட்டுறாங்கல்ல, அது வரைக்கும் வெட்டித் தர்றேன். நெத்தியில கயிறு, முதுகுல கூடை, கையில கொழுந்து, மொகம் எல்லாம் தெளிவா இருக்கு. வேலை செஞ்சாங்கங்கிறதுக்கு அது போதும். ஏதோ ஜோடி பறக்க விட்ட ட்ரோன்னு சொல்லிக்கலாம். நீ கேட்டது கெடைச்சிரும். மிச்சம் எதுக்கு? மிச்சத்தால அம்மா திரும்பி வரப் போறாங்களா?”

விஜிதரன் லோஜனாவைப் பார்த்தான். சுமன் சொல்வது பொய்யல்ல. நாளைய விசாரணைக்கு அந்தத் துண்டு போதும்.

“போதும்தான்,” என்றாள் லோஜனா. “வேலை நேரத்தில, வேலை இடத்தில இருந்தவ எண்டு காட்ட அது போதும். மிச்சத்தைக் காட்டினால் தோட்டக்காரர் உடன ட்ரோனில பழியைப் போடப் பாப்பினம். ஆனால் துண்டு வீடியோ எண்டால், மிச்சம் எங்கை எண்டு ஆரும் கேக்கவும் கூடும். என்ன செய்யவேணும் எண்டதை நீங்கதான் பிள்ளை சொல்லவேணும்.”

ஜெயந்தினி எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் கண் திரையிலேயே இருந்தது.

“இன்னும் ஓடுதே,” என்றாள்.

ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. ட்ரோன் ஆகாயத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது, ஓட்டுகிறவன் கையை விட்டுவிட்டால் அது அப்படித்தான் நிற்கும். கீழே மீனம்மா செடிகளுக்கு நடுவில் விழுந்துவிட்டாள். படத்தின் ஓரத்திலிருந்து, ரோட்டுப் பக்கமாக, ஒருவன் ஓடி வந்தான். சட்டையைக் கழற்றித் தலையில் போட்டிருந்தான். செடியில் தடுக்கி விழுந்தான். எழுந்தான். புகைக்குள் நேராகப் புகுந்தான். தன் தலையில் இருந்த சட்டையை எடுத்து மீனம்மாவின் முகத்தில் மூடினான். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் முதுகோடு, வந்த வழியே நடந்தான்.

அந்த இடத்தோடு படம் நின்றது.

சுமன் அழுதுகொண்டிருந்தான். இதுவும் இருக்கிறது என்பது அவனுக்கே தெரியாது. பச்சை பூசும்போது மரத்தடி வரைக்கும்தான் அவன் பார்த்திருந்தான். அதற்கு மேல் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஜெயந்தினி எழுந்தாள். மடியில் இருந்த துவாயை மடித்து, கதிரையின் கையில் வைத்தாள்.

“வெட்ட வேணாம். மொத்தமும் வேணும். மொதல்ல இருந்து கடைசி வரைக்கும்.”

“ஜெயந்தி…”

“ட்ரோனை விட்டது நீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் அழுதிருப்பேன். உங்களைத் திட்டியிருப்பேன். ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் சோறு போட்டிருப்பேன். எங்கம்மா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருக்கும்.” அவள் குரல் உயரவில்லை. “ஆனா சாவு வீட்டு வாசல்ல கண்டாக்கு வந்து நின்னுக்கிட்டு, ‘வெறகு திருட வந்தவ’ன்னு சொன்னாருல்ல? அப்ப நீங்க எங்க நின்னீங்க? எம்பக்கத்துல. என் தோளைப் புடிச்சிக்கிட்டு. அம்மா கையில கொழுந்து இருந்ததைப் பார்த்து, எடுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆளு நீங்க. எங்கிட்ட மட்டும் வீடியோ இருக்குன்னு சொன்னீங்க, அவரு முன்னால வாயைத் தொறக்கல. மூணு வாரமா எங்கம்மா திருடியா இருந்தாங்க, நீங்க வந்து எங்க வீட்டுல தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனீங்க.”

ஜெயந்தினி அவன் கழுத்துத் தழும்புகளைப் பார்த்தாள்.

“குளவிக்குள்ள சட்டையில்லாம ஓடுனீங்களே. எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லப் பயந்துட்டீங்களே.”

விஜிதரன் பென் டிரைவைச் செருகி, அந்த நகலை அதில் ஏற்றினான். இன்னொரு பிரதியை லோஜனாவிடம் கொடுத்தான். அவள் அதைக் கைப்பையின் உள் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“தம்பி,” என்றாள் சுமனிடம். “வீடியோ தானாக் கதைக்காது. எப்ப எடுத்தது, ஆர் எடுத்தது, எங்கை நிண்டு எடுத்தது எண்டு நாளைக்கு அங்க கேப்பினம்.”

சுமன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முகத்தைத் துடைத்தான்.

“நான் வர்றேன் மேடம். நான்தான் எடுத்தேன்னு சொல்றேன். ஜெயந்தி, நாளைக்கு நானும் உன்கூட வர்றேன்மா.”

ஜெயந்தினி கதவருகில் குடையை விரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“வாங்க. அண்ணனா வர வேணாம். சாட்சியா வாங்க.”